நாற்பத்தேழாம் விண்மீன்

இருட்டறையின் கூரை முழுவதும் விண்மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. கண்காட்சிக்கு வந்த ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் நப்பின்னை கட்டிவிட்ட பட்டை, அவர்களுடைய இதயத் துடிப்பை அங்கே ஒளியாக்கியது. கால் வலிக்கிறதென்று மனைவி வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டதால், தணிகாசலம் மட்டும் உள்ளே நின்று அவள் கையிலிருந்த நாற்பத்தேழாம் எண் பட்டையின் விண்மீனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்லயும் இப்படித்தாம்மா, எதுக்கெடுத்தாலும் படபடன்னு அடிச்சுக்குவா," என்றார்.

சற்று நேரத்தில் அது அணைந்தது.

"கழட்டிட்டா பாருங்க. கையில ஒரு வாட்ச் தங்காது அவளுக்கு. மறுபடி கட்டிக்குவா."

நப்பின்னை கணினித் திரையைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றினால் அந்த எண் சிவப்பாகிவிடும். நாற்பத்தேழு பச்சையாகவே இருந்தது. அவள் கதவை நோக்கி ஓடினாள். விண்மீனின் ஒளி தாமதமாகத்தான் நம்மை வந்துசேரும் என்பதைக் காட்ட, ஒவ்வொரு துடிப்பும் நான்கு நிமிடம் கழித்தே கூரையில் தெரியும்படி அவள்தான் அமைத்திருந்தாள்.

"எதுக்கும்மா ஓடுறீங்க," என்றார் தணிகாசலம், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ மெதுவாக் கட்டிக்கட்டும்."