பொட்டு வைத்த சர்வர்

“சர்வருக்கு யாரு பொட்டு வெச்சது?”

கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பரசுராமன் கேட்டது அந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் முழுக்கக் கேட்டது.

“நான்தான் சார்” என்றாள் மதிவதனி. பதிவு கவுன்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். அடி அண்ணாமலையிலிருந்து வருகிறாள். வேலைக்குச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரம் என்ற கடிதத்தை மேடம் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். மாலையில் கொடுப்பதாகப் பேச்சு.

“பொட்டு வெச்சா பரவால்ல. எதுக்கும்மா ஆஃப் பண்ண?”

“நேத்து ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் அணைச்சு வைக்கணும்னு மேடம்தான் சொன்னாங்க சார். முறையா ஷட்டவுன் பண்ணிட்டுத்தான்...”

“முறையா பண்ணியிருந்தா இப்ப ஏன் இது கெளம்ப மாட்டேங்குது?”

சர்வர் என்னவோ ஓடியது. அதற்குள்ளே இருந்துகொண்டு நோயாளிகளின் பெயரையும் ரிசல்ட்டையும் சேர்த்துவைக்கும் சர்வீஸ்தான் கிளம்பவில்லை. பரசுராமன் ஸ்டார்ட்டை அழுத்துவார். அது கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, முடியாது என்று சொல்லிவிடும். அது கிளம்பாமல் பெயர் பதிய முடியாது. பெயர் பதியாமல் ரத்தம் எடுக்க முடியாது.

வெளியே சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த முப்பது பேர். அத்தனை பேரும் வெறும் வயிறு.

“செங்கத்துல இருந்து அஞ்சு மணிக்கே கெளம்பி வந்தோம். ஒரு வாய் டீ கூட குடிக்கல. இன்னும் எவ்ளோ நேரம் சார்?” என்றார் ஒரு பெரியவர்.

“பொண்ணு தெரியாம கைய வெச்சிடுச்சு பெரியவரே. அதான் லேட்டு.”

எல்லாரும் மதிவதனியைப் பார்த்தார்கள். பசியோடு பார்க்கிற பார்வையில் காரம் ஜாஸ்தி. “தெரியாத வேலையில எதுக்குக் கைய வைக்கணும்?” என்று ஒரு அம்மா முணுமுணுக்கவும் செய்தார்.

மதிவதனி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “சார், லாக்கைப் பாத்தீங்களா?”

சர்வர் தன் கோளாறையெல்லாம் தானே எழுதிவைக்கும் பதிவு அது. எந்தக் கோளாறு என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பரசுராமனுக்குத் தெரியாததல்ல.

“எனக்கே சொல்லித் தர்றியா? போம்மா, போய் உன் சீட்டுல உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் ஓடியது. சர்வரை மூன்று முறை அணைத்துப் போட்டார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். எல்லாம் பார்த்த பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து லாக்கைத் திறந்தார்.

முதல் வரியிலேயே அவர் பெயர் இருந்தது. பரசுராமன், பாஸ்வேர்டு தவறு.

சர்வீஸுக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கச் சோம்பல்பட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் பெயரையே கொடுத்து ஓட விட்டவர் அவர். போன மாதம் தன் பாஸ்வேர்டை மாற்றினார். சர்வீஸில் மாற்ற மறந்தார். ஓடிக்கொண்டிருந்த வரை அது பாஸ்வேர்டு கேட்கவில்லை. பூஜைக்காக நிறுத்தி, மறுபடி போட்டதும் கேட்டுவிட்டது.

புதிய பாஸ்வேர்டை அடித்தார். ஒரே நொடியில் கிளம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் அருணாதேவி உள்ளே வந்தார். கூடத்தின் உரிமையாளரான மேடம் அவர்தான். “என்ன பரசுராமன், என்ன பிரச்சினை?”

‘தப்பு என்னோடது மேடம்.’ மூன்றே வார்த்தை. தொண்டை வரை வந்தது. ஆனால் வெளியே முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஷட்டவுன் பண்ணதுல ஏதோ கோளாறு மேடம்.”

மேடம் மதிவதனி பக்கம் திரும்பினார். “இத்தனை பேரைப் பட்டினி போட்டுட்டியேம்மா. அந்த லெட்டரை இப்ப தர முடியாது. நான் யோசிக்கணும்.”

மதிவதனி பரசுராமனை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“சரிங்க மேடம்” என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

பரசுராமன் எதிர்க் கடையில் போய் டீ சொன்னார். டீ இறங்கவில்லை. தன் மகள் வயசுப் பெண்ணைப் பலி கொடுத்துவிட்டு வந்து டீ குடிக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், காலையிலிருந்து தொடாத போனை எடுத்தார்.

பார்த்தார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, நேராக மேடம் அறைக்கு நடந்தார்.

“மேடம், தப்பு என்னோடது. என் பாஸ்வேர்டு மாத்துனதுல வந்த கோளாறு. அந்தப் பொண்ணு சரியாத்தான் ஷட்டவுன் பண்ணியிருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்.”

மேடம் அவரையே பார்த்தார். “அந்தப் பொண்ணுக்கு இது தெரியாதா?”

“தெரியும் மேடம். நான் வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.”

“அப்புறம் ஏன் வாயே தொறக்கல? வேலையே போகும்போல இருந்துச்சே?”

பரசுராமன் போனை நீட்டினார். காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்த செய்தியை, மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்:

“சார், லாக்ல உங்க பேர் போட்டு பாஸ்வேர்டு தப்புன்னு வருது. ஆபீஸ் குரூப்ல போட்டா மேடம் பாத்துடுவாங்கன்னு உங்களுக்கு மட்டும் அனுப்பறேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்களே வந்து கண்டுபிடிச்ச மாதிரி சரி பண்ணிடுங்க.”