மழை விட்டுவிட்டதா?

“அவன் கடைசியா என்ன கேட்டான், தம்பி?”

வந்திருந்த அம்மாள் இப்படிக் கேட்டதும், அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். போர் முடிந்தபின் எத்தனையோ தாய்மார்கள், இறந்துபோன மகனைப் பற்றிக் கேட்க அவள் தம்பியைத் தேடி வந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து யாரும் வந்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே காலைப் பனி இன்னும் கலையவில்லை. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி கேட்டார்மா. குடுத்தேன். அப்புறம், மழை விட்டுடுச்சான்னு கேட்டார். அங்க மழையே இல்ல. விட்டுடுச்சுன்னு சொன்னேன்.”

“வீட்டுல இருக்கிறதா நினைச்சுட்டான் போல. எங்க கூரை ஒழுகும்.”

“என் மடியிலதான் தலை வச்சிருந்தார். ஆத்து மேல பனி மெதுவா நகர்ந்துட்டிருந்தது. அதைப் பார்த்துக்கிட்டே, தூங்கிப்போற மாதிரி போயிட்டார்.”

அறையே பனிக்குள் மிதப்பதுபோல இருந்தது. அக்கா மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

“தன்னைப் பத்தி இவன் வாயே திறக்க மாட்டாம்மா. பதினெட்டு வயசுல பட்டாளத்துக்குப் போனான். ரெண்டு தடவை குண்டடி பட்டும் திரும்பப் போனான். அந்த ஆத்துப் பாலத்தைத் தனி ஆளா நின்னு காப்பாத்தினதுக்குப் பதக்கம் குடுத்தாங்க. அப்போ இருபதுகூட முடியல.”

சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பதக்கத்தை எடுத்து நீட்டினாள்.

“அக்கா, வேண்டாம்.”

அந்த அம்மாள் அதற்குள் வாங்கிவிட்டாள். “அன்னிக்கு நடந்ததுக்கா இது?”

“ஆமாம்மா” என்றான், தரையைப் பார்த்தபடி.

அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவன் தலையை மெல்லக் கோதினாள்.

“என் பிள்ளை யாருமில்லாம சாகல. அது போதும். நீ நல்லாயிருப்பா. நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.”

தெருமுனையில் அவள் பனியோடு கரைந்துபோகும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். போரிலிருந்து திரும்பியபின் அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

“உயிருக்குயிரா பழகியிருக்கீங்க போல. உன் கூட நின்னு சண்டை போட்ட பையனாடா?”

“இல்லக்கா, எதிர்ப்படை. அவர் சட்டைப்பையில விலாசம் இருந்தது. சுட்டது நான்தான்னு அந்தம்மாவுக்கு எழுதியிருந்தேன்.”