திறக்க ஏலாத கோப்பு

இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறப்பது என்று கணினி கேட்டது.

யாரும் தன்னைக் கேள்வி கேட்பது கனகசிங்கத்துக்குப் பிடிக்காது. சுவரில் ஏழு சான்றிதழ்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்ததே அதற்காகத்தான்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கணினி நிலையத்துக்கு அவர் டைரக்டர். பெயர்ப் பலகையில் அப்படித்தான் இருந்தது. நிலையத்தில் மூன்று கணினிகள். அவற்றில் ஒன்று வேலை செய்தது.

வேலை செய்த கணினிக்கு முன்னால் அன்னப்பூரணி இருந்தாள். வவுணதீவிலிருந்து வாவியைத் தாண்டி வந்திருந்தாள். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவளுடைய டிஸ்க்கை வெயிலில் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் அதிலேயே முகம் பார்த்துத் தலையைக் கோதிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

கொழும்புக்குப் போறன் என்று பஸ் ஏறிய மகன் கோணேசனிடமிருந்து நான்கு வருடமாக ஒரு வரி இல்லை.

போன கிழமை, அவளிடம் நெல் வாங்கும் ஏறாவூர் உசனார், லொறிக்காரனிடம் இந்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டிருந்தார். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய தம்பி எடுத்து அனுப்பிய நோன்புப் பெருநாள் விருந்து வீடியோவாம். 'அதில ஒரு பொடியன் உங்கட மகனப் போல இரிக்கான். பாத்து, அவன்தானா எண்டு செல்லுங்க தங்கச்சி.'

பார்க்க ஊரில் கரண்ட் இல்லை. படம் போட இருந்த ஒரே டெக்கும், ஜெனரேட்டர் கரண்டைக் கூடக் குறைய அடித்ததில் புகைந்து போயிருந்தது.

"சேர், இது படம். படம் ஓடுறதில போட்டுப் பாருங்க" என்றாள்.

டைரக்டர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"படமெண்டா அதுக்குப் படத்திர பேர் இரிக்கும். இதில பேருக்குக் கடைசியில 'டாட்' எண்டு கிடக்கு. டாட் எண்டா டேட்டா. எந்தப் புரோகிராம் எழுதிச்சோ அதுக்கு மட்டும்தான் விளங்கும். இத வாசிக்கத்தான் வேணும், பார்க்க ஏலாது."

வாசிப்பதற்காகக் கடிதம் தட்டுகிற புரோகிராமில் திறந்தார். திறந்து முடியப் பத்து நிமிடம் பிடித்தது. திரை நிறையக் குப்பை: பாதி எழுத்து, சதுரம், கேள்விக்குறி, தலையில் புள்ளி முளைத்த ஆங்கிலம்.

டைரக்டர் அதை மேலிருந்து கீழாக, இடையிடையே தலையை ஆட்டியபடி, வாசித்தார்.

"விளங்குதா சேர்?"

"கொஞ்சம் சிக்கலான விசயம்."

"என்னெண்டு எழுதியிரிக்கு?"

டைரக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"இது ரகசிய மொழி மாதிரிக் கிடக்கு அக்கா. ஆமி வந்து இதப் பார்த்தா நீங்களும் உள்ள, நானும் உள்ள."

"பெருநாள் சோத்தில என்ன சேர் ரகசியம்?"

டைரக்டர் ஏழு சான்றிதழ்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இந்த மாதிரிக் கோப்பு திறக்கவே ஏலாது. எனக்குத் தெரியும்."

அதைச் சொன்ன விதத்தில், தேவைக்கு மேல் கொஞ்சம் கோபம் இருந்தது.

அன்னப்பூரணி அசையவில்லை. "அப்ப படம் ஓடுறதில போட்டு, ஓடல்லயெண்டு காட்டுங்க. நான் போறன்."

ஒரு காரியம் நடக்காது என்று நிரூபிப்பதென்றால் டைரக்டருக்கு அலுப்புக் கிடையாது. கோப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்து வந்து, படம் ஓடும் புரோகிராமில் போட்டார். போட்டுவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, பாருங்கள் என்று அவளுக்குக் கையை விரித்தார்.

அவருடைய முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஒரு பெரிய தகரக் கூடம். நிலத்தில் பாய். ஒவ்வொரு சஹன் தட்டைச் சுற்றியும் ஆறு ஆறு பேர், ஒரே தட்டில் கைவைத்துப் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். கமரா ஆடி ஆடி நடந்தது. அன்னப்பூரணி முதலில் ஒரு முதுகைத்தான் கண்டாள். பிறகு சோற்றிலிருந்து ஏலக்காயைப் பொறுக்கி, பக்கத்திலிருப்பவனின் பக்கம் தள்ளிவிடும் ஒரு கையை.

"நிப்பாட்டுங்க."

டைரக்டர் நிறுத்தினார்.

"இன்னொருக்காக் காட்டுங்க."

ஆறு தரம் காட்டினார். அவள் அழவில்லை. மூன்றாம் தரம், "மெலிஞ்சு போனான்" என்றாள். ஆறாம் தரம், "இல்ல, கொழுத்துத்தான் போயிரிக்கான், சனியன். கடிதம் எழுதத்தான் கை நோகுது போல" என்றாள். சொல்லும்போது சேலைத் தலைப்பு வாயை மூடியிருந்தது. அடியில் சிரிப்புத்தான்.

டிஸ்க்கை வாங்கிப் பையில் வைத்து எழுந்தாள். "எவ்வளவு சேர்?"

கனகசிங்கம் குனிந்திருந்தார். மேசையின் கீழ் லாச்சியை, பூட்டியிருந்த இழுப்பறையை, திறந்துகொண்டிருந்தார். பழைய விலைப்பட்டியல்களுக்கு அடியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். கடதாசி உறையில் பேனையால் 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது.

"அண்ணன்ட. இயக்கத்துக்கெண்டு வன்னிக்குப் போனவர். ஆரிட்டயோ குடுத்து விட்டது. இதுக்குள்ளயும் ஒரு டாட்தான் கிடக்கு, அக்கா. திறந்து பார்த்தன், இதே கிறுக்கல். வெளியில ஆரிட்டயும் காட்டவும் பயம். அம்மாட்ட, டிஸ்க் பழுது எண்டு சொல்லி மூணு வருசம்."

டிஸ்க்கைப் போடக் கை போய், பாதியில் நின்றது.

அன்னப்பூரணி பையை மடியில் வைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இப்ப போடாத. போய் அம்மாவக் கூட்டிட்டு வா மகனே. நான் இரிக்கன்."