கஞ்சாக் கடைக்கு ஒரு கையெழுத்து

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கத் தெரியவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து, சுவரில் மாலையோடு இருக்கும் என் மகன் படத்தைக் கும்பிட்டு, அதைச் செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்த பிறகுதான் அந்தப் பெண் தான் யாரென்றே சொன்னது.

பேரு கார்த்திகா. திருமயத்துப் பிள்ளை. அமெரிக்காவில் வக்கீல் ஆபீஸ் வேலையாம், லீவுக்கு வந்திருக்கிறதாம். "நிலவழகன் அண்ணன் கேஸ் விசயமா ஒங்க கையெழுத்து வேணுங்கய்யா" என்றது.

அங்கே ஓட்டல் வேலைக்குப் போன என் மகன், சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு மாட்டி ஜெயிலுக்குப் போனான். பன்னிரண்டு வருஷமாச்சு. அந்த வருஷமே படத்துக்கு மாலை விழுந்துவிட்டது.

அப்போதுதான் மகள் மோகனப்ரியாவுக்கு அரிமளத்தில் இடம் பேசி முடித்திருந்தோம். கஞ்சாக் கேஸ் என்று தெரிந்தால் எவன் பெண்ணெடுப்பான்? கார் மோதிச் செத்தான் என்று ஊருக்குச் சொல்லி, பதினாறாம் நாள் காரியம் செய்து சோறும் போட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் வீட்டுக்காரி பிரகதம் படத்தைத் துடைப்பாள். திதி கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

"இப்ப அந்த மாநிலத்துல கஞ்சா விக்கிறது சட்டப்படி சரிங்கய்யா. கவர்மெண்டே கடைக்கு லைசென்ஸ் குடுக்குது."

"இங்க சாராயக்கடை மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். அன்னைக்கு ஏழைப்பட்டவங்களையும் கறுப்பு ஆளுங்களையுந்தான் தேடித் தேடி உள்ள போட்டாங்க. இன்னைக்கு யாவாரத்தைப் பணக்காரங்களே வளைச்சுக்கிட்டா நாயமா? அதான், ஜெயிலுக்குப் போனவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மொத லைசென்ஸ். அண்ணன் பேரு லிஸ்ட்ல வந்திருச்சு."

சிரிப்புத்தான் வந்தது. "ஒரு பொட்டலம் வச்சிருந்தா ஜெயிலு, மூட்டையா வச்சு வித்தா லைசென்ஸா? நல்லா இருக்கு தாயி ஒங்க நாயம். ஜெயில்ல கெடந்த நாளைத் திருப்பித் தருவானா?"

கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டது. "அதைத் தர முடியாதுங்கய்யா. வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்க கையெழுத்துப் போடலேன்னா கடை வேற ஆளுக்குப் போயிரும். போன வருசம் அண்ணன் ஆசை ஆசையா எழுதிக் குடுத்த மனு இது."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

பன்னிரண்டு வருஷம் பேசாதவன் ஆளனுப்புகிறானா! கோபந்தான் வந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் என்னமோ இளகியது.

"கையெழுத்து வேணும்னா அவனையே வந்து கேக்கச் சொல்லு. நான் ஒண்ணும் அடிச்சுத் தொரத்த மாட்டேன்."

கார்த்திகா என்னையும் பார்த்தது, படத்தையும் பார்த்தது.

"என்னங்கய்யா சொல்றீங்க? மாலை போட்டிருக்கவும் ஒங்களுக்குத் தகவல் வந்திருச்சுன்னுல்ல நெனச்சேன்..."

"என்ன தகவல்?"

"போன ஆடி மாசம்... ஹார்ட் அட்டாக்குங்கய்யா. தூக்கத்துலயே போயிட்டாரு. அதான் வாரிசு கையெழுத்து கேக்குறாங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டியது. முழுக்க இங்கிலீஷ், அடியில் வட்டமாய் ஒரு முத்திரை.

பிரகதம் ஈரக் கையோடு ஓடி வந்து அந்தத் தாளைப் பிடுங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மகன் பேரைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "எஞ்சாமீ..." என்று தரையில் விழுந்தாள். அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியத்தில்கூட அவள் இப்படி அழவில்லை.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

"அய்யா, கையெழுத்து..." என்றது கார்த்திகா.

திரும்பாமலே பிரகதத்திடம் சொன்னேன்.

"அழுவாத புள்ள! புதுக்கோட்டை ஜெராக்ஸ் கடையில நான் அடிச்ச சாவு சர்டிபிகேட்லயுந்தான் முத்திரை இருந்துச்சு, அவன் என்ன செத்தா போனான்?"