ஒரு நூல் கோணல்

"மூணு நாளா எங்கட அடுப்புக்குத் தூள் இல்ல, ஓடாவி. இண்டைக்கும் வாள் பழுது எண்டு திருப்பி அனுப்பாத. நானே பாத்துத் தாறன்."

மீராசாஹிபு கடப்பைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வந்துவிட்டார். கையில் இரண்டு வெறும் சாக்கு, ஒரு ஸ்பேனர்.

ஊருக்கு ஓடாவியான தச்சன் காலிதீன் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றான். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டில்தான் அவனுடைய பட்டறை. நடுவில் வட்டவாள் மேசை. அதற்குக் கீழே மரத்தூள் விழுவதற்காக வெட்டிய இடுப்பளவுக் குழி. அயல் பெண்கள் சாக்கோடு வந்தால், மூடியிருக்கும் பலகையைத் தூக்கித் தூள் அடுப்புக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் குழிக்குள்தான் மூன்று நாளாகக் குணம் இருந்தான்.

பாண்டிருப்புக் குணம் காலிதீனுக்கு மரம் ஏற்றிவரும் வண்டிக்காரப் பொடியன். ஒரு வம்புக்கும் போகாதவன். படையினர் ஊரைச் சுற்றி வளைத்து இளம் தமிழ்ப் பொடியன்களை ஜீப்பில் அள்ளிய அன்று குணத்தின் அண்ணன் ஒரு பக்கம், குணம் ஒரு பக்கமாக ஓடினார்கள். அண்ணன் என்ன ஆனான் என்று தெரியாது. குணம் வேலி பாய்ந்து இங்கே வந்து விழுந்தான். பிடிபட்டால் அவனும் இல்லை, காலிதீனும் இல்லை.

அதனால்தான் வாள் பழுது என்ற பொய். யாராவது பார்த்தாலும் நம்பட்டும் என்று காலிதீனே நட்டுகளைத் தளர்த்தி, வாளைக் கோணலாக்கி வைத்திருந்தான். எல்லோரும் நம்பிப் போனார்கள், முன்பு மர ஆலையில் வாள் பழுது பார்த்த மீராசாஹிபைத் தவிர.

"உங்களுக்கேன் கரச்சல், காக்கா? நாளைக்கு நானே..."

"உன்ட நாளைக்கு எண்டைக்குடா வரும்?" அவர் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

குசினி வாசலில் நின்ற ஸுல்பிகா கணவனைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அடுப்புக்குத் தூள் இல்லயாம். மூணு நாளும் அவங்கட கூரையில பொகை போறதப் பாத்தன். நேத்து சந்தியில ஜீப்புக்காரனோட நிண்டு சிரிச்சுக் கதைச்சிருக்கார். இவர் தூளுக்கு வரல்ல."

காலிதீன் கொட்டிலுக்குத் திரும்பியபோது மீராசாஹிபு வாளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பல்லுல கரியால அடையாளம் போடு. அந்தப் பல்லு முன்னால நிக்கக்குள்ள, பலகை சாஞ்சு போற ஓரக்கட்டைக்கு எவ்வளவு எண்டு அள. இனி வாளைக் கையால சுத்து. அதே பல்லைப் பின்னுக்குக் கொண்டுபோய் அள."

காலிதீன் அளந்தான்.

"ஒரு நூல், அரைக்கால் இஞ்சி வித்தியாசம், காக்கா."

"பின்பக்கம் கட்டையோட நெருங்கி நிக்குது. பலகை இறுகிக் கருகும். இல்லாட்டி எகிறி நெஞ்சுல அடிக்கும்." அவர் குனிந்து மேசைக்கு அடியில் தலையை விட்டார். "இந்த நட்டு தானாக் கழரல்ல. ஆரோ ஸ்பேனர் போட்டிருக்காங்க."

காலிதீன் அளவுகோலை மடக்கிச் சட்டைப் பையில் செருகப் பார்த்தான்.

"கையேன் நடுங்குது?"

"காய்ச்சல்."

"காய்ச்சல்காரன் வாளுக்குக் கிட்ட நிக்கப்படா."

அவர் வாளை நேராக்கினார். நட்டுகளை முறுக்கினார். முன்னாலும் பின்னாலும் அளந்து பார்த்தார். அளவு ஒன்றாக இருந்தது. பிறகு ஸ்பேனரால் குழிப் பலகையைத் தட்டினார்.

"இதத் தூக்கு. உள்ளுக்கு எவ்வளவு தூள் கிடக்கு எண்டு பாப்பம்."

"வேணா, காக்கா. குழிக்குள்ள... பாம்பு கிடக்கு."

அந்த நேரம் பார்த்துத்தான் கீழே இருந்து ஓர் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமிய இருமல்.

"பாம்புக்குத் தடிமனும் இருமலும் போல" என்றார் மீராசாஹிபு. முகத்தில் சிரிப்பு இல்லை.

ஒழுங்கையில் ஜீப்பின் சத்தம் கேட்டது. காலிதீன் கண்ணை மூடிக்கொண்டான். இவர் ஆளைக் காட்டத்தான் வந்திருக்கிறார், அதற்கு நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

கண்ணைத் திறந்தபோது, மீராசாஹிபு முறுக்கிய நட்டுகளையே மறுபடி தளர்த்திக்கொண்டிருந்தார். கொட்டாப்பிடி மரச்சுத்தியலால் இரண்டு அடி போட்டார். வாள் முன்பைவிட மோசமாகக் கோணியது.

"மோட்டரைப் போடு."

"இப்பதானே நேராக்கினீங்க..."

"போடுடா."

தடித்த பாலைப் பலகையை அவர் வாளுக்குக் கொடுத்தார். வாள் அலறியது. வெட்டுவாயிலிருந்து கருகிய புகை எழுந்து கொட்டிலை நிறைத்தது. பலகை எகிறப் பார்த்தது. ஒதுங்கி நின்றபடி, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அதை அழுத்திப் பிடித்தார். கீழே இருமினாலும் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருவன் கொட்டில் வாசல்வரை வந்தான். ஏதோ கேட்டான். மீராசாஹிபு காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். பலகை துள்ளுவதைக் கண்டு அவன் ஓர் அடி பின்வாங்கினான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிப் போனான். ஜீப்பும் போனது.

மோட்டரை நிற்பாட்டியதும் குழிக்குள்ளிருந்து இருமல் அடங்காமல் வெடித்தது. அதைக் கேட்காததுபோல் இருவரும் பாசாங்கு செய்யவில்லை.

காலிதீன் ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "எப்பிடித் தெரியும், காக்கா?"

"அவன்ட அண்ணன் சொன்னான், தம்பி ஓடாவி வளவுக்குத்தான் ஓடியிருப்பான் எண்டு." மீராசாஹிபு குழிப் பலகையைத் தூக்கிவிட்டுச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். "கெதியா அள்ளு. அடுத்த சுத்திவளைப்பு எங்கட ஒழுங்கையிலயாம், நேத்து ஜீப்புக்காரன்ட வாயைக் கிண்டித்தான் அறிஞ்சன். அந்த அண்ணன்காரன மறைச்சு அடுக்க எங்கட வீட்டுல கிடக்கிற தூள் மூட்டை காணாது, இன்னும் ரெண்டு வேணும்."