சுற்றி வந்தவர்

என் சக்களத்தி ஒரு நட்சத்திரம். என் கணவருக்கு வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கணினி அறைக்குள் போய், அவளுடைய துடிப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். 'டக்' என்று ஒன்று கேட்கும். பின்னாலேயே மங்கலாக இன்னொரு 'டக்'.

"யாருங்க அது ரெண்டாவது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, எதிரொலி. வழியில வாயு மேகம் கிடக்கு. சிக்னல்ல கொஞ்சம் அதுல வளைஞ்சு, சுத்திக்கிட்டு வரும். அதான் லேட்டு," என்றார், என் பக்கம் திரும்பாமலே. நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தேன்.

நேற்று மாலை மழை. அவர் வந்தார், குடையை மாட்டினார், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துடிப்பு கேட்கத் தொடங்கியது.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசல் பூட்டில் சாவி திரும்பியது. அவர் வந்தார். அதே சட்டை, கொஞ்சம் வெளுத்திருந்தது. ஏற்கெனவே தொங்கிய குடைக்குப் பக்கத்தில் அதே குடையை மாட்டினார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார்.

"இன்னும் இல்லைங்க."

"வா, சேர்ந்து சாப்பிடலாம்."

இரண்டு தட்டு வைத்தேன். என் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டார். ஏதோ சொன்னார், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறைக்குள் துடிப்பு நின்றது.

"யாரு அது?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கேட்ட அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அது என் தொண்டையில்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க, எதிரொலி," என்றேன், அந்தப் பக்கம் திரும்பாமலே.