மேட்டு மனை

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த சர்வேயர் பெண் முக்காலியை நிறுத்தி, கருவிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். அவள் அளந்தது லேத் பட்டறைக்காரரின் வீட்டை. பட்டறைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தது தெருவின் மேல்முனையில் இருந்த சகலையின் வீட்டை.

அங்கே சகலை ஏணியில் நின்று ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். விசில் வேறு.

"தங்கச்சி வீட்ல ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறாங்க" என்று காலையில் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். அது அவருக்குச் சாதாரணமாகக் கேட்கவில்லை.

அக்காளைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். ஒரே தெரு. காப்பீட்டுக் கம்பெனியும் ஒன்றுதான். ஆனால் வெள்ளக் காப்பீட்டுக்குச் சகலை வருடம் முழுவதற்கும் கட்டுகிற பிரீமியம் இவருக்கு இரண்டு மாதத்துக்குக் காணாது.

அதுவும் நின்ற இடத்தில் நிற்கிறதா, இல்லை. ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது. கட்டாமல் விட்டால் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி சும்மா இருக்காது. விற்றுத் தொலைக்கலாம் என்றால், பிரீமியம் எவ்வளவு என்று கேட்டதுமே வாங்க வந்தவர்கள் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மனையைத் தேர்ந்தெடுத்ததே இவர்தான்.

மாமனார் இரண்டு மனைகளையும் காட்டி, மூத்த மாப்பிள்ளை முதலில் சொல்லட்டும் என்றார். ஆற்றுக்காற்று சிலுசிலுவென்று அடித்தது. இவர் கீழ்மனையைக் கைகாட்டினார். கல்லும் முள்ளுமாய்க் கிடந்த மேட்டு மனை சகலையின் தலையில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"இந்த வருஷமும் பிரீமியம் ஏறத்தான் சார் செய்யும். தரை ரொம்பத் தாழ்வா இருக்கு" என்றாள் சர்வேயர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கெல்லாம் கம்பெனியில் தள்ளுபடி கிடையாது.

முக்காலியை மடக்கியபடியே சகலையின் மேட்டு வீட்டைப் பார்த்துக் கேட்டாள். "கடைசி வெள்ளத்துல அந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா சார்?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. அதற்குள் சகலை விசிலில் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

"முழங்கால் வரைக்கும்" என்றார் பட்டறைக்காரர். குனிந்து தொட்டும் காட்டினார்.

"அவங்க நஷ்டஈடுன்னு எதுவும் கேக்கலையே?"

"கூச்ச சுபாவம்மா. வாய்விட்டு எதையும் கேக்க மாட்டாரு. நான் கண்ணால பாத்தேன்."

சொன்னதும் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. ரொம்ப வருடத்துக்குப் பிறகு தெரு சமமாகிவிட்ட மாதிரி.

அவள் நேராகச் சகலையிடமே போய்க் கேட்பாள் என்று அவர் நினைக்கவில்லை. அவள் மேட்டில் ஏற ஆரம்பித்ததும், பின்னாலேயே போகாமல் இருக்கவும் முடியவில்லை. மூச்சு வாங்கியது.

சகலை ஏணியை விட்டு இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க சகல" என்றார். எப்போதும் சொல்கிற அதே குரல்.

"உங்க வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி வந்ததா இந்த சார் சொல்றாரு. அப்படிப் பதிஞ்சா உங்களுக்கும் பிரீமியம் ஏறும். சரிதானா?"

சகலை சர்வேயரைப் பார்க்கவில்லை. பட்டறைக்காரரைப் பார்த்தார். முறைத்துப் பார்த்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். கடையில் மறந்துவிட்டு வந்த சாமானை நினைவுபடுத்திக்கொள்கிறவர் போலத்தான் பார்த்தார்.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மைத்துனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சகலை லேசாகக் கையமர்த்தினார். அவள் அக்காள் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சகல சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

சர்வேயரின் விரல் கைப்பேசித் திரையில் நாலு இடத்தில் தட்டியது. அவ்வளவுதான். வேலை முடிந்தது.

சகலை மறுபடி ஏணியில் ஏறினார். தூரிகையைத் தோய்த்தார். விசில் வரவில்லை.

பட்டறைக்காரர் மேட்டிலிருந்து இறங்கினார். சமமாகிவிட்ட தெரு மறுபடி சரிந்து கிடந்தது. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போக முடிகிற மனிதன்மேல், முன்பு இருந்ததைவிடப் பொறாமை அதிகமாகத்தான் வந்தது.

வெள்ளத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சர்வேயர் அவரைக் கேட்கவே இல்லை.

கீழ்வீடு ஜன்னல் மட்டத்துக்கு முங்கிக் கிடந்த நாட்களில், அவர் மனைவி மக்களோடு அந்த மேட்டு வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார். சேற்றை அள்ளி வீடு காய்ந்து திரும்பிப் போகிறவரைக்கும், சகலை தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கினார்.

அந்தத் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருந்ததில்லை.